அயர்லாந்துக்காரர் ஏன் மான்செஸ்டருக்காக அழுகிறார்? புதியவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி

டப்ளினில் சனிக்கிழமை மத்தியானம் ஏதாவது ஒரு பப்புக்குள் நுழையுங்கள். மான்செஸ்டர் யுனைடெட் கோல் வாங்கினால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடும் ஆள் ஒருவராவது இருப்பார். அதே ஆள், இங்கிலாந்து தேசிய அணி உலகக் கோப்பையில் தோற்றால் மேசையைத் தட்டிச் சிரிப்பார். சரி, கோபம் நாட்டின் மேல், பிரியம் கிளப்பின் மேல் என்று ஒரு கணக்குப் போட்டால், சாயங்காலம் ரக்பி வந்து அதையும் கலைத்துவிடும். ரக்பியில் அவருக்கு இங்கிலாந்து கிளப் எதுவும் வேண்டாம். அயர்லாந்தின் மாகாண அணிகளான லென்ஸ்டர் அல்லது மன்ஸ்டர், அவ்வளவுதான்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வாரம் போதும். தேவையானவை: அயர்லாந்து வரைபடம் ஒன்று, மழைச்சட்டை ஒன்று (குடை வேண்டாம், காற்று விடாது), பிறர் பேசக் கேட்கும் பொறுமை.

படி 1: எந்த ஆட்டம் என்று முதலில் கேளுங்கள்

அயர்லாந்தின் பல ஊர்களில் ‘ஃபுட்பால்’ என்றால் கேலிக் ஃபுட்பால். அதில் பந்தைக் கையால் பிடிக்கலாம், கோலின் குறுக்குக் கம்பத்துக்கு மேலாகவும் அடித்துப் புள்ளி எடுக்கலாம். நாம் கால்பந்து என்பது அங்கே பலருக்கு ‘சாக்கர்’. இது தெரியாமல் பேச்சைத் தொடங்கினால் அரை மணி நேரம் ஆளுக்கு ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

கேலிக் ஆட்டங்களை நடத்தும் ஜி.ஏ.ஏ. அமைப்பு 1884-இல் பிறந்தது. சாக்கர், ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி எல்லாமே அதற்கு அந்நிய ஆட்டங்கள். உறுப்பினர்கள் ஆடவும் கூடாது, போய்ப் பார்க்கவும் கூடாது. 1938-இல் நாட்டின் முதல் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட் டப்ளினின் டேலிமவுன்ட் பார்க் மைதானத்தில் அயர்லாந்து – போலந்து சாக்கர் மேட்ச் பார்த்தார். அதற்காக அவரையே ஜி.ஏ.ஏ. புரவலர் பதவியிலிருந்து தூக்கிவிட்டார்கள். இந்தத் தடை 1971 வரை நீடித்தது.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாக்கர், ரக்பி இரண்டும் இங்கிலாந்திலிருந்து ஒரே கப்பலில் வந்திறங்கிய சரக்குதான். ‘ரக்பி நம்ம ஆட்டம், சாக்கர் வெள்ளைக்காரன் ஆட்டம்’ என்று யாராவது விளக்கம் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: வரைபடத்தில் இரண்டு கோடு போடுங்கள்

ஒரு கோடு ரக்பிக்கு, ஒன்று சாக்கருக்கு. ரக்பிக்குத் தீவு முழுவதும் ஒரே தேசிய அணி. அதன் கீழே லென்ஸ்டர், மன்ஸ்டர், அல்ஸ்டர், கனாக்ட் என்று நான்கு மாகாண அணிகள். சாக்கர் 1921-இல் இரண்டாகப் பிரிந்தது. வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஒரு சங்கம், தெற்கே டப்ளினில் ஒரு சங்கம். இன்றும் இரண்டு தேசிய அணிகள்.

படி 3: கப்பலைப் பின்தொடருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

டப்ளினிலிருந்து லிவர்பூல் ஓர் இரவுக் கப்பல் தூரம்தான். 1840-களின் பெரும் பஞ்சத்திலிருந்து நூறாண்டுக்கும் மேலாக மாமா, அத்தை, அண்ணன் என்று யாராவது ஒருவர் அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தார்கள். போனவர்கள் இருந்த ஊரின் கிளப், கடிதத்தோடும் விடுமுறைப் பயணத்தோடும் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் இதைவிட நேரடியான கதை ஒன்று உண்டு. கிளாஸ்கோவில் செல்டிக் கிளப்பை 1887-இல் தொடங்கியவர் ஸ்லைகோ மாவட்டத்திலிருந்து போன பிரதர் வால்ஃப்ரிட் என்ற துறவி. ஏழை ஐரிஷ் குடும்பங்களுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்டுவதற்காகத் தொடங்கியது அது.

கூலி வேலைக்குப் போனவர்களோடு பந்து ஆடுகிறவர்களும் போனார்கள். 1948-இல் மான்செஸ்டர் யுனைடெட் எஃப்.ஏ. கோப்பையை வென்றபோது கேப்டன் டப்ளின்காரர் ஜானி கேரி. டப்ளினின் காப்ரா பகுதியில் வளர்ந்த லியாம் வீலன் அதே கிளப்புக்கு ஆடி, 1958 மியூனிக் விமான விபத்தில் 22 வயதில் இறந்தார். பெல்ஃபாஸ்டின் ஜார்ஜ் பெஸ்ட், கார்க்கின் ராய் கீன், டெனிஸ் இர்வின் எல்லாரும் யுனைடெட்தான். லீட்ஸுக்கு ஜானி கைல்ஸ், ஆர்சனலுக்கு லியாம் பிரேடி, லிவர்பூலுக்கு ரானி வீலன்.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பப்பில் இருக்கும் ரசிகரை மறுபடி பாருங்கள். அவர் ஆதரிப்பது வேறொரு நாட்டின் கிளப்பை என்று நமக்குத் தோன்றுகிறது. அவர் வீட்டில் அது ‘நம்ம தெருப் பையன் ஆடுகிற டீம்’ என்றுதான் தொடங்கியது. பையன் ஓய்வு பெற்றான், டீம் வீட்டிலேயே தங்கிவிட்டது.

1968-இல் அயர்லாந்து சாம்பியன் வாட்டர்ஃபோர்டு ஐரோப்பியக் கோப்பையில் யுனைடெடோடு மோத நேர்ந்தபோது, மேட்ச் டப்ளினின் பெரிய மைதானமான லான்ஸ்டவுன் ரோடுக்கு மாற்றப்பட்டது. டெனிஸ் லா மூன்று கோல் போட, யுனைடெட் 3–1 என்று ஜெயித்தது. உள்ளூர் கிளப் எதன் முன்னால் நின்று போட்டி போட வேண்டியிருந்தது என்பதற்கு அந்த ஒரு மேட்ச் போதும்.

படி 4: டிவியைப் போடுங்கள்

அயர்லாந்துக்குச் சொந்தத் தொலைக்காட்சி 1961-இன் கடைசி நாளில்தான் வந்தது. கிழக்குக் கரைக்காரர்கள் அதற்கு முன்பே உயரமான ஆன்டெனா கட்டி பிரிட்டன் ஒளிபரப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வேடிக்கை: பிரிட்டனில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி ஆட்டங்களை நேரலையாகக் காட்டத் தடை உண்டு. அயர்லாந்துக் குடியரசில் அந்தத் தடை கிடையாது. மான்செஸ்டரில் இருப்பவர் வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியாத மேட்சை டப்ளின்காரர் பப்பில் உட்கார்ந்து பார்க்கிறார்.

படி 5: இப்போது ரக்பிக்கு வாருங்கள்

ரக்பி 1995 வரை சம்பளம் இல்லாத ஆட்டம். ஆட்டக்காரர் பகலில் வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்த்தார், ஊரிலேயே இருந்தார். கப்பல் ஏற வேண்டிய அவசியமே இல்லை. டப்ளினில் அது பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளில் படித்தவர்களின் ஆட்டம். மன்ஸ்டர் மாகாணத்தின் லிமெரிக் நகரில் மட்டும் கூலித் தொழிலாளியும் டாக்டரும் ஒரே கூட்டத்தில் நின்று கத்துவார்கள். 1978-இல் மன்ஸ்டர் அங்கே நியூசிலாந்தை 12–0 என்று வீழ்த்தியதை, அன்று பிறக்காதவர்கள்கூட நேரில் பார்த்ததுபோல் சொல்வார்கள்.

1995-இல் சம்பளம் வந்ததும் ரக்பிக்காரர்களும் கப்பல் ஏறத் தொடங்கினார்கள். கீத் வுட் உட்படப் பலர் இங்கிலாந்து கிளப்புகளுக்குப் போனார்கள். அப்படியே விட்டிருந்தால் இன்று டப்ளின் பப்பில் லண்டன் ரக்பி கிளப்பான ஹார்லிக்வின்ஸின் சட்டை தொங்கும் என்பது என் கணிப்பு. அயர்லாந்து ரக்பி சங்கம் விடவில்லை. ஆட்டக்காரர்களைத் தானே ஒப்பந்தம் போட்டு மாகாண அணிகளுக்குக் கொண்டுவந்தது. ஓய்வு பெறும்போது வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் சலுகையை அரசு 2002-இல் விளையாட்டுக்காரர்களுக்குக் கொடுத்தது. அல்ஸ்டர் 1999-இலும், மன்ஸ்டர் 2006, 2008-இலும், லென்ஸ்டர் 2009-இலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றன. அந்த 2009-இல் லென்ஸ்டர் – மன்ஸ்டர் அரையிறுதியைப் பார்க்க குரோக் பார்க்கில் 82,208 பேர்.

சாக்கரில் இதைச் செய்ய முடியாது. நான்கு அணிக்குச் சம்பளம் கொடுத்தால் ரக்பியில் ஐரோப்பாவின் உச்சிக்குப் போகலாம். சாக்கர் சந்தை உலகம் பூராவும் விரிந்தது. 1990-களில் லண்டனின் விம்பிள்டன் கிளப்பை அப்படியே டப்ளினுக்குப் பெயர்க்க ஒரு திட்டம்கூட வந்தது. அயர்லாந்து கிளப்புகள் சண்டை போட்டு அதைத் தடுத்தன.

படி 6: கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்

உள்ளூர் லீக்கைப் பார்ப்பவர்கள், டிவி முன் உட்கார்ந்து இங்கிலாந்து கிளப்புக்குக் கத்துபவர்களை ‘பார்ஸ்டூலர்’ என்று கிண்டல் செய்வார்கள். பப் ஸ்டூலை விட்டு எழுந்திருக்காதவர் என்று அர்த்தம். ரக்பி ரசிகரும் சில சமயம் இந்தக் கிண்டலில் சேர்ந்துகொள்வார். அப்போது அவரிடம் மெதுவாகக் கேளுங்கள்: “உங்கள் ஊர் ரக்பி கிளப் மேட்சுக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்?”

1990-களின் தொடக்கத்தில் ஷானன், கேரியோவன் போன்ற லிமெரிக் கிளப்புகளின் மேட்சுக்குக் கூட்டம் அலைமோதியது. மாகாண அணிகள் பெரிதானதும் அந்தக் கூட்டம் வடிந்துவிட்டது. ஆக ரக்பி ரசிகரும் தெருமுனைக் கிளப்பை விட்டு மேலே இருந்த பெரிய அணிக்குத்தான் போனார். அந்தப் பெரிய அணி ரயில் தூரத்தில் இருந்தது, சாக்கர்காரருக்குக் கடல் தாண்டி இருந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

படி 7: ஒரு சின்னச் சோதனை

“இங்கிலாந்து கிளப்பை ஏன் ஆதரிக்கிறீர்கள்?” என்று நேரடியாகக் கேட்காதீர்கள், சண்டைக்கு இழுப்பதுபோல் இருக்கும். “வீட்டில் முதலில் யார் ஆரம்பித்தது?” என்று கேளுங்கள். அப்புறம் 1988 ஸ்டுட்கார்ட் என்று மட்டும் சொல்லுங்கள். ரே ஹௌட்டன் தலையால் முட்டிய கோலில் அயர்லாந்து இங்கிலாந்தை 1–0 என்று ஜெயித்த மேட்ச். ஹௌட்டன் அப்போது லிவர்பூல் ஆட்டக்காரர். அயர்லாந்தின் பயிற்சியாளர் ஜாக் சார்ல்டன், இங்கிலாந்துக்காக 1966 உலகக் கோப்பையை வென்றவர். இதில் எந்த முரணும் அங்கே யாருக்கும் தெரிவதில்லை.

படி 8: வெள்ளிக்கிழமை டேலிமவுன்டுக்குப் போங்கள்

டேலிமவுன்ட், உள்ளூர் கிளப்பான பொஹீமியன்ஸின் மைதானம். உள்ளூர் லீக் பெரும்பாலும் வெள்ளி இரவுகளில் நடக்கிறது. கூட்டம் மெல்ல ஏறிவருகிறது. 2025 பிப்ரவரியில் பொஹீமியன்ஸ் – ஷாம்ராக் ரோவர்ஸ் மேட்சை அவீவா ஸ்டேடியத்தில் வைத்தபோது 33,000-க்கும் மேல் வந்தார்கள். பிரெக்சிட்டுக்குப் பிறகு இங்கிலாந்து கிளப்புகள் 18 வயது ஆகாத வெளிநாட்டுப் பையன்களை எடுக்க முடியாது என்பதால், திறமையான பையன்கள் இப்போது இன்னும் கொஞ்ச காலம் ஊரில் ஆடுகிறார்கள்.

டேலிமவுன்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே கிளம்புங்கள். காப்ராவில் ரயில் பாதைக்கு மேல் ஒரு பாலம் இருக்கிறது. அதன் பெயர் லியாம் வீலன் பாலம். பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, அங்கிருந்து நடந்தே மைதானத்துக்குப் போய்விடலாம்.