பாட்டு விற்க கியூஆர் படம் வேண்டாம்

பெசன்ட் நகரிலிருந்தோ வடபழனியிலிருந்தோ ஒரு ரசிகர் உங்கள் பாட்டை விலைக்குக் கேட்டு இன்ஸ்டாகிராமில் மெசேஜ் அனுப்பினால், கியூஆர் படத்துக்குப் பதில் யூபிஐ ஐடியை எழுத்தாக அனுப்புங்கள். அவர் கையில் இருப்பதே அந்த ஒரு போன்தான், அதன் திரையை அதே கேமராவால் ஸ்கேன் செய்ய முடியாது. ஐடி என்றால் காப்பி செய்து ஒட்டி 50 ரூபாயை உடனே அனுப்பிவிடுவார், அது முழுசாக உங்களுக்கு வரும். பாட்டு விற்கும் இணையதளமான பேண்ட்கேம்ப்பில் டிஜிட்டல் விற்பனைக்கு 15 சதவீதம் கழியும்.

அப்புறம், பாட்டை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட்டாகவே அனுப்புங்கள். நான்கு நிமிட வேவ் ஃபைல் சுமார் 40 எம்பி, தரம் குறையாமல் போய்ச் சேரும்.

வெளிநாட்டு ரசிகர்களுக்கு இந்த யூபிஐ வழி சரிவராது, அவர்களுக்கு பேண்ட்கேம்ப் லிங்க்தான் நல்லது.