கெட்டில்பெல் பிரஸ்: எனக்குச் சிக்கல் தோளில் இல்லை, மணிக்கட்டில்

மூன்று மாதம் 12 கிலோ கெட்டில்பெல்லை, அதாவது கைப்பிடி வைத்த எடைக்குண்டை, தலைக்கு மேல் தூக்கியும் தோளில் ஒரு மாற்றமும் இல்லை, முன்கை மட்டும் கன்றிப்போய்க் கிடந்தது. "மொட்டை மாடியில யார்கிட்டடா அடி வாங்குற?" என்று அம்மாவே கேட்டுவிட்டார். ஸ்விங் (குண்டைக் கால்களுக்கு நடுவிலிருந்து இடுப்பு உந்துதலால் முன்னால் வீசுவது) உங்களுக்கு வரும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் கிளீன், அதாவது குண்டைத் தரையிலிருந்து மார்புக்குக் கொண்டுவருவது. இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். கையை நீட்டி வீசினால் குண்டு வட்டமடித்து வந்து முன்கையில் தொப்பென்று விழும். உடம்பை ஒட்டியே மேலே இழுங்கள், தொப்புளைத் தாண்டியதும் பிடியைத் தளர்த்தி, வளையலுக்குள் கையை நுழைப்பதுபோலக் கைப்பிடிக்குள் கையை விடுங்கள். குண்டு கையைச் சுற்றி வரக்கூடாது, கைதான் குண்டைச் சுற்றிப் போக வேண்டும்.

அடுத்து பிடி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து, சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை அடிவரை கைப்பிடி குறுக்குவாட்டில் கிடக்க வேண்டும். நான் விரல்களின் அடியில் நேராகப் பிடித்திருந்தேன், எடை மணிக்கட்டைப் பின்னால் மடக்கியது, பாதி பலம் அதிலேயே போனது. சோதித்துப் பார்க்க ஒரு வழி: குண்டு மார்பருகே நிற்கும்போது விரல்களை விரியுங்கள். அசையாமல் நின்றால் பிடி சரி.

அப்புறம் பிரஸ், அதாவது குண்டை மார்பருகிலிருந்து தலைக்கு மேல் தள்ளுவது. பிட்டத்தையும் வயிற்றையும் இறுக்கி, சும்மா இருக்கும் கையையும் முஷ்டி பிடியுங்கள். முழங்கை விலாவருகே தொடங்கி லேசாக வெளிப்பக்கம் போய் மேலே ஏறும், முன்கை கடைசிவரை செங்குத்தாகவே இருக்க வேண்டும். மேலே போனதும் முழங்கை மடங்காமல், மேற்கை காதருகே. அதே பாதையில் மெதுவாக இறக்குங்கள், தொப்பென்று விடாதீர்கள். இடுப்பு பின்னால் வளைகிறதா? தூக்கும் பக்கத்து முழங்காலைத் தரையில் ஊன்றிச் செய்யுங்கள், வளைவது பெருமளவு குறைந்துவிடும்.

வாரம் மூன்று நாள், ஒவ்வொரு கைக்கும் 1 தடவை, 2 தடவை, 3 தடவை என ஏறுவது ஒரு சுற்று. மூன்று சுற்றில் தொடங்கி ஐந்து சுற்று சிரமமில்லாமல் முடிந்த பிறகே எடையைக் கூட்டுங்கள். 12-லிருந்து 16 வெறும் 4 கிலோதானே என்று தோன்றும், ஆனால் அது மூன்றில் ஒரு பங்கு கூடுதல்! 14 கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்குவதாக இருந்தால் என் ஓட்டு போட்டிக்கான ஸ்டீல் குண்டுக்குத்தான். விலை கூடுதல், ஆனால் 8 கிலோவானாலும் 32 கிலோவானாலும் ஒரே பருமன், எடை ஏறினாலும் முன்கையில் உட்காரும் இடம் மாறாது. மணல் நிரப்பிய பிளாஸ்டிக் குண்டு வேண்டவே வேண்டாம். கையுறையும் வேண்டாம், பிடி தடிமனாகிவிடும். சென்னைப் புழுக்கத்தில் கை வழுக்கும்தான், அதற்குத் துண்டும் கொஞ்சம் ஜிம் சாக்பவுடரும் போதும். நான் மே மாதத்தில் மாலை கடற்காற்று எழும்பிய பிறகுதான் மாடிக்கே போவேன்.

பின்சேர்க்கை: இரண்டு பேர் ஆளுக்கொரு சந்தேகம் கேட்டார்கள். மேலே போகும்போது தோள் சுருக்கென்று வலித்தால் பல்லைக் கடித்துத் தொடராதீர்கள், பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். கர்லாக்கட்டை சுற்றினால் போதாதா என்றால், அது தோளைத் தளர்த்தும், நானும் பிரஸ்ஸுக்கு முன் ஐந்து நிமிடம் சுற்றுகிறேன். எடையை நேராக மேலே தள்ளும் வேலை அதில் இல்லை.