கார் சப்வூஃபர் ஊமையாகிவிட்டதா? பழுதைத் தேடும் வரிசை

நேற்றுவரை முழங்கிக்கொண்டிருந்த சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) இன்று சத்தமே எழுப்பவில்லை என்றால், அதற்குச் சிக்னலைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது என்றே பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் ஆம்ப்ளிஃபயர் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய பொருள். ஃபியூஸ், எர்த் இணைப்பு (வண்டியின் இரும்போடு சேரும் மைனஸ் வயர்), ரிமோட் வயர் (ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்யச் சொல்லும் வயர்), ஸ்டீரியோவின் அமைப்புகள் ஆகியவற்றைக் கடந்த பிறகே அதனிடம் வர வேண்டும். எனவே ஸ்க்ரூடிரைவருக்கு முன்னால் வோல்ட்டையும் ஓமையும் (மின்தடை) அளக்கும் ஒரு மல்டிமீட்டரைக் கையில் எடுங்கள். எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப மாட்டும்போது தற்செயலாக ஒலி வந்துவிட்டால் பழுது எங்கிருந்தது என்பது தெரியாமலே போய்விடும். அடுத்த வாரம் அது மறுபடியும் வரும்.

ஸ்டீரியோவை ஆன் செய்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் உள்ள சிறு விளக்கைப் பாருங்கள். விளக்கே எரியவில்லை என்றால் சிக்கல் மின்சாரத்தில். ‘புரொடெக்ட்’ விளக்கு எரிந்தால் ஆம்ப்ளிஃபயர் எதற்கோ பயந்து தன்னைத் தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. வழக்கமான விளக்கு எரிந்தும் ஒலி இல்லையென்றால், சிக்னல் வரும் வழியிலோ சப்வூஃபரிலோ தேட வேண்டும்.

விளக்கு எரியாத நிலையில், மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் டெர்மினலிலும் சிவப்பு முனையை பிளஸ் டெர்மினலிலும் தொடுங்கள். இன்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரையும் காட்டும். ஒன்றும் காட்டவில்லை என்றால், சிவப்பு முனையை அங்கேயே வைத்துக்கொண்டு, கறுப்பு முனையை மட்டும் வண்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதிக்கு மாற்றுங்கள். இப்போது 12 வோல்ட் வந்தால் எர்த் இணைப்புதான் குற்றவாளி. அப்போதும் வராவிட்டால், பேட்டரியிலிருந்து வரும் பிளஸ் வயரிலோ அதன் ஃபியூஸிலோ தடை இருக்கிறது.

பேட்டரிக்கு அருகில் வயரின் நடுவே ஒரு ஃபியூஸும், பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களின் மேலேயே ஒன்றோ இரண்டோ ஃபியூஸ்களும் இருக்கும். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்பக் கூடாது. என் வண்டியில் ஒருமுறை கண்ணாடி ஃபியூஸின் இழை முழுதாகத் தெரிந்ததால் அதை விட்டுவிட்டு, ஒரு மாலை முழுக்க டிக்கியில் தலையை நுழைத்துக்கொண்டிருந்தேன். உலோக மூடிக்குள் இழை விட்டுப்போயிருந்தது. ஃபியூஸின் இரு முனைகளிலும் தனித்தனியே வோல்ட் அளந்தால், ஒரு பக்கம் 12, மறுபக்கம் பூஜ்யம் என்று அது தானே சொல்லிவிடும். எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாக அதே ஆம்பியர் அளவுள்ளதையே போடுங்கள். 30 ஆம்பியருக்குப் பதில் 60 போட்டால், அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். புதிய ஃபியூஸும் உடனே எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது ஃபியூஸைப் போடாதீர்கள்.

எர்த் வயரை இறுக்கியிருக்கும் போல்ட்டின் அடியில் பெயின்டோ துருவோ இருந்தால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து மறுபடியும் இறுக்குங்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்து, வால்யூமைக் கூட்டியதும் அணைந்துவிடுகிறது என்றால், அதற்கும் பல நேரங்களில் இந்தத் தளர்ந்த எர்த்தே காரணம்.

இவை சரியாக இருந்தும் விளக்கு எரியவில்லை என்றால் ரிமோட் வயரைப் பாருங்கள். ஸ்டீரியோவின் பின்னாலிருந்து வரும் இந்த மெல்லிய வயர் பெரும்பாலும் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டதாக இருக்கும். ஸ்டீரியோ ஆனில் இருக்கும்போது இதில் ஏறத்தாழ 12 வோல்ட் இருக்க வேண்டும். கோடில்லாத வெறும் நீல வயர் பெரும்பாலும் ஆன்டெனாவுக்கு உரியது. அதில் இணைத்துவிட்டால், சில ஸ்டீரியோக்களில் ரேடியோ பாடும்போது மட்டும் சப்வூஃபர் வேலை செய்யும், ப்ளூடூத்துக்கு மாற்றியதும் ஊமையாகிவிடும். சோதனைக்காக ஒரு சிறு வயர்த்துண்டால் ஆம்ப்ளிஃபயரின் பிளஸ் டெர்மினலையும் ரிமோட் டெர்மினலையும் ஒரு நொடி இணைத்துப் பாருங்கள். எர்த்தை மட்டும் தொட்டுவிட வேண்டாம். விளக்கு எரிந்தால் ஆம்ப்ளிஃபயர் உயிரோடு இருக்கிறது. அந்த இணைப்பை அப்படியே விட்டுவிட்டால் இரவெல்லாம் ஆம்ப்ளிஃபயர் ஓடி பேட்டரியைத் தீர்த்துவிடும்.

புரொடெக்ட் விளக்கு எரிந்தால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி மறுபடியும் ஆன் செய்யுங்கள். விளக்கு இயல்புக்குத் திரும்பினால் சப்வூஃபரிலோ அதன் வயரிலோ ஷார்ட் இருக்கிறது, அல்லது ஆம்ப்ளிஃபயர் தாங்கக்கூடியதைவிடக் குறைந்த ஓம் இணைக்கப்பட்டிருக்கிறது. பிளஸ், எர்த், ரிமோட் ஆகிய மூன்று வயர்கள் மட்டும் இருந்து, வோல்ட்டும் சரியாக இருந்து, அப்போதும் புரொடெக்ட் எரிந்தால் பழுது ஆம்ப்ளிஃபயருக்குள்தான்.

விளக்கு இயல்பாக எரிந்தும் ஒலி இல்லாதபோது, முதலில் ஸ்டீரியோவின் மெனுவைத் திறந்து பாருங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு பல ஸ்டீரியோக்கள் பழைய அமைப்புகளை மறந்துவிடுகின்றன. சப்வூஃபர் அவுட்புட் ‘ஆஃப்’ ஆகியிருக்கும். ஆம்ப்ளிஃபயரில் ஃபில்டர் சுவிட்ச், தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் ‘லோ பாஸ்’ பக்கம் இருக்கிறதா, கெயின் (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற அமைப்பு) அடியோடு குறைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தவறி ‘ஹை பாஸ்’ பக்கம் போயிருந்தால் தாழ்ந்த ஒலி வெட்டப்பட்டு, சப்வூஃபருக்கு மிச்சம் ஏதும் போகாது.

அடுத்து, ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஸ்டீரியோவிலிருந்து சிக்னலைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிளைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு கைபேசியைத் தகுந்த கேபிள் மூலம் இணைத்து, குறைந்த ஒலியில் பாட்டைப் போடுங்கள். ஒலி வந்தால் கேபிளோ ஸ்டீரியோவோ பழுது. வராவிட்டால், 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மீட்டரை ஏ.சி.க்கு மாற்றி ஸ்பீக்கர் டெர்மினல்களில் அளக்க வேண்டும். வால்யூமைக் கூட்டக் கூட்ட வோல்ட் ஏறினால் ஆம்ப்ளிஃபயர் தன் வேலையைச் செய்கிறது. மிச்சமிருப்பது வயரும் சப்வூஃபரும்தான்.

சப்வூஃபரின் வயர்களைக் கழற்றி, மீட்டரை ஓம் அளவில் வைத்து அதன் டெர்மினல்களில் தொடுங்கள். கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான ‘காயில்’ 4 ஓம் வகை என்றால், மீட்டர் பெரும்பாலும் 3 முதல் 4 ஓம் வரை காட்டும். மீட்டர் எதையுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது, அல்லது கூம்புக்குப் போகும் சடை வயர் விட்டுப்போயிருக்கிறது. இரட்டைக் காயில் உள்ளதை அண்மையில் மாட்டியிருந்தால், ஒரு காயிலின் பிளஸும் மைனஸும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துக் கூம்பை அசையவே விடாது. கூம்பை இரு கைவிரல்களாலும் சமமாக, மெல்ல அழுத்துங்கள். உரசும் ஓசையோ கருகிய நெடியோ வந்தால் காயில் வெந்துவிட்டது.

நல்ல சிக்னல், நல்ல மின்சாரம், நல்ல சப்வூஃபர் எல்லாம் இருந்தும் டெர்மினலில் வோல்ட் வரவில்லை என்றால் மட்டும் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றுங்கள். மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். இதுவரை அளந்த எண்களை ஒரு தாளில் எழுதி ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துக் கொடுத்தால், பழுதுபார்ப்பவர் நேராக உள்ளிருக்கும் சர்க்யூட்டிலிருந்தே தொடங்கிவிடலாம்.