சுப்ராவில் 450 குதிரைத்திறன்: எடுக்கும் வழியும் கால் மைலில் சரிபார்க்கும் கணக்கும்

டொயோட்டா ஏ80 சுப்ரா காரின் 2ஜேஇசட்-ஜிடிஇ எஞ்சினைப் பிரிக்காமல், கம்பெனி கொடுத்த இரட்டை டர்போவை (எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் சாதனம்) வைத்தே 450 குதிரைத்திறன் எடுக்கலாம். எடுத்தது உண்மையில் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதலில் உங்கள் வண்டியில் எந்த டர்போ என்று பாருங்கள். ஜப்பான் உள்நாட்டு மாடலில் சிடி20, டர்பைன் சக்கரம் செராமிக். ஏற்றுமதி மாடலில் சிடி12பி, சக்கரம் ஸ்டீல். செராமிக்கை 1 பார் பூஸ்டுக்கு (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) மேல் தள்ளினால் சக்கரம் உடைந்து எக்ஸாஸ்டுக்குள் போய்விடலாம். ஸ்டீல் 1.2 பார் தாங்கும். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் வேறு: உள்நாட்டு மாடலில் நிமிடத்துக்கு 440 சிசி, ஏற்றுமதியில் 550 சிசி. ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 6.3 சிசி பெட்ரோல், இன்ஜெக்டர் 85 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று வைத்தால், 550 சிசி ஆறும் சேர்ந்து 445 வரை, அதாவது ஏறக்குறைய 450, வரும். 440 சிசி 356-லேயே நின்றுவிடும். அதனால் கீழே சொல்வதெல்லாம் ஏற்றுமதி மாடலுக்கு.

பாகம் வாங்கும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்ற சோதனை) செய்யுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 14 பிஎஸ்ஐ-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் பூஸ்டைத் தொடவே கூடாது. பிறகு இன்டேக்கை அடைத்து 1.3 பார் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் கசிவு பாருங்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலானவை 25 வயதைத் தாண்டியவை; வேக்குவம் ஹோஸ் காய்ந்து விரிந்திருக்கும். 4,000 ஆர்பிஎம் அருகே இரண்டாவது டர்போ சேராமல் வண்டி சோர்ந்தால், டர்போவைக் குறை சொல்வதற்கு முன் அந்த ஹோஸ்களை மாற்றுங்கள்.

அடுத்து, வேறு எதற்கும் முன் பூஸ்ட் மீட்டரும், காற்று-எரிபொருள் விகிதம் காட்டும் வைட்பேண்ட் மீட்டரும் மாட்டுங்கள். காரணம் இருக்கிறது. 3 இன்ச் டவுன்பைப்பும் (டர்போவிலிருந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்) திறந்த எக்ஸாஸ்டும் போட்டதுமே, பூஸ்ட் கன்ட்ரோலர் இல்லாமலே பூஸ்ட் தானாக ஏறும். டர்போவுக்குப் போகாமல் புகையைத் திருப்பிவிடும் கம்பெனி வேஸ்ட்கேட் சிறியது; அவ்வளவு புகையை அதனால் திருப்பிவிட முடியாது. சுமார் 1 பாரில் எஞ்சின் கணினியான ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிடும், வண்டி முகத்தில் அடித்தாற்போல் நிற்கும். அப்படி ஏறினால் டவுன்பைப் இணைப்பில் ரெஸ்ட்ரிக்டர் வளையம் வைத்து அடக்குங்கள். ஃப்யூவல் கட் கன்ட்ரோலரைப் போட்டு, ஈசியூ பெட்ரோலை நிறுத்தாதபடி பூஸ்டை மறைப்பது அதற்குப் பின்னால்தான். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றிய வண்டி பல நாடுகளில் சாலைக்கு வரக் கூடாது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்தது, என்ஜிகே பிகேஆர்7இ, இடைவெளி 0.8 மிமீ. பழைய 1.1 மிமீ-யை விட்டால் கூடிய பூஸ்டில் பொறி அணைந்து எஞ்சின் விக்கும். 98 ஆக்டேனுக்குக் குறைந்த பெட்ரோலில் 1.2 பாரை நினைக்கவே வேண்டாம். பூஸ்டை 0.1 பார் வீதம் ஏற்றுங்கள். முழு லோடில் காற்று-எரிபொருள் விகிதம் 11.5 அருகே இருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பீங்கானைப் பாருங்கள். மிளகுத்தூள் போலக் கரும்புள்ளியோ, மினுங்கும் வெள்ளிப் புள்ளியோ தெரிந்தால் நாக் அடிக்கிறது, அதாவது பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடிக்கிறது. வெள்ளி என்றால் பிஸ்டன் அலுமினியமே கரைகிறது, அங்கேயே நிறுத்துங்கள்.

இனி கணக்கு. திறனை அளக்கும் டைனோ எந்திரத்தில், டைனோவுக்கு டைனோ எண் மாறும். சக்கரத்தில் வருவது எஞ்சினில் இருப்பதைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. கால் மைல் ஓட்டத்தின் முடிவுக் கோட்டு வேகம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. அந்த வேகத்தை (கிமீ/மணி) 289-ஆல் வகுத்து, வந்த எண்ணின் கனத்தை (அந்த எண் × அதே எண் × அதே எண்) எடுத்து, ஓட்டுநரோடு சேர்ந்த எடையால் (கிலோ) பெருக்குங்கள். 1,630 கிலோவில் 188 வந்தால் சுமார் 449 குதிரைத்திறன். 180 வந்தால் 394. டைனோ தாள் என்ன சொன்னாலும் சரி. கால் மைல் ஓட எடுக்கும் நேரத்துக்கு, எடையைத் திறனால் வகுத்து அதன் கனமூலத்தை 7.58-ஆல் பெருக்குங்கள். ஏற்றுமதி மாடலின் 320-க்கு 13.04 வினாடி, 450-க்கு 11.64.

இந்த 11.64 டயர் பிடித்தால் மட்டுமே. முதல் 60 அடியில் 0.1 வினாடி மிச்சமானால் கடைசியில் 0.15 முதல் 0.2 வரை குறையும். டிராக் ரேடியலை (பந்தயத்துக்கான பிடிமானம் கூடிய டயர்) 20 பிஎஸ்ஐ-யில் தொடங்குங்கள். கிளம்பும் கோட்டுக்கு முன் இருக்கும் தண்ணீரை முன்சக்கரம் மிதிக்காமல் சுற்றி வந்து, டயர் சூடேற பின்சக்கரத்தை மட்டும் நனைத்துச் சுழற்றுங்கள். 4,000 ஆர்பிஎம்-இல் கிளம்பி, சுழன்றால் 500 குறையுங்கள். நான்காவது கியரில் ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் கம்பெனி கிளட்ச் வழுக்குகிறது. அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏ விதிப்படி 13.99 வினாடியோ அதைவிடக் குறைவோ ஓடினால் ஹெல்மெட், 11.49-ஓ அதைவிடக் குறைவோ என்றால் ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கம்பி) கட்டாயம்.

நேரம் கூடி வேகம் மாறாமல் இருந்தால் டயரையும் கிளம்பிய விதத்தையும் பாருங்கள். வேகமும் சேர்ந்து விழுந்தால், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடு ஏறியிருக்கும். பானட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிட்டு மறுபடி ஓடுங்கள். அப்போதும் ஏறாவிட்டால், கசிவு பார்க்க மறுபடி சோப்புத் தண்ணீர்தான்.