மங்கி எத்தனை அடி அடித்தது? மலைச்சரிவில் மண் பரிசோதனையைப் பார்க்கும் முறை

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டப் போகிறவர்களுக்கும், சைட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் டிப்ளமோ பிள்ளைகளுக்கும் இந்தப் பதிவு.

மங்கி என்பது கயிற்றில் கட்டி மேலே தூக்கி, விட்டதும் தன் எடையிலேயே விழுந்து அடிக்கும் இரும்புக் குண்டு. டிராப் ஹேமர் என்றாலும் இதுதான். (நம் ஊரில் தகரக் கூரையைக் குலுக்குகிறவர் வேறு ஆள்.) துறைமுகம், ஆற்றுப் பாலம் போன்ற இடங்களில் இது டன் கணக்கில் இருக்கும். பைல் என்பது நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் அஸ்திவாரத் தூண். கான்கிரீட் பைலின் தலை சிதறாமலிருக்க ஹெல்மெட் என்ற இரும்புத் தொப்பியை மாட்டி, மேலே மரக்கட்டை வைத்து அடிப்பார்கள். மங்கி கடைசியாக அடித்த பத்து அடிக்குப் பைல் எவ்வளவு இறங்கியது என்று அளந்து, ஓர் அடிக்குச் சராசரி பார்த்தால் அது ‘செட்’. பத்து அடிக்கு 25 மி.மீ. இறங்கினால் செட் 2.5 மி.மீ.

மலைச்சரிவில் இப்படி பைல் அடித்து இறக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அதிர்வு சரிவுக்கு ஆகாது; நடுவில் ஒரு பாறாங்கல் குறுக்கிட்டால் பைல் திரும்பிவிடும் அல்லது உடையும். பைல் தேவைப்பட்டால் துளையிட்டு வார்ப்பதே நல்லது. அங்கேயும் முக்காலி என்ற மூன்று கால் இரும்புச் சட்டம் நிற்கும், ஆனால் அதில் ஏறி இறங்குவது மண்ணைக் குத்தும் சிசலும் அள்ளும் பெய்லரும், மங்கி இல்லை. நம் மலையில் மங்கியை நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் மண் பரிசோதனையில், எஸ்பிடி (ஸ்டாண்டர்ட் பெனட்ரேஷன் டெஸ்ட்) என்று சொல்வார்களே, அதில். நிலத்தில் துளை போட்டு, அதன் அடியில் ஒரு குழாயை மங்கியால் அடித்து இறக்கி, எத்தனை அடி ஆனது என்று எண்ணி மண்ணின் இறுக்கத்தை அறிவது இது.

1. எடையும் உயரமும்

எஸ்பிடிக்கு மங்கி 63.5 கிலோ, விழும் உயரம் 75 செ.மீ. ஐஎஸ் 2131 என்ற இந்தியத் தர விதி சொல்வது இது. வழிகாட்டிக் கம்பியில் 75 செ.மீ.க்குச் சாக்பீஸ் கோடு போடச் சொல்லுங்கள். வேலை ஓட ஓட, கயிறு இழுப்பவர் கை சளைத்து 60 செ.மீ.யிலேயே விட்டுவிடுவார். அடி மெலிந்தால் எண்ணிக்கை கூடும், இளகின மண்ணும் கெட்டியாகத் தெரியும். விஞ்ச் உருளையில் கயிற்றைக் கூடுதலாகச் சுற்றினாலும் இதே கதைதான். உராய்வு அடியின் வேகத்தைத் தின்றுவிடும்.

2. மூன்று கோடு

துளையின் அடியில் ஸ்பூன் என்ற பிளவுக் குழாயை இறக்கியபின், வெளியே தெரியும் கம்பியில் 15 செ.மீ. இடைவெளியில் மூன்று கோடுகள்.

3. எண்ணுதல்

ஒவ்வொரு 15 செ.மீ.க்கும் எத்தனை அடி என்று தனித்தனியே எழுதுங்கள். 4, 6, 9 என்று வந்தால் கடைசி இரண்டையும் கூட்டி, ‘N’ மதிப்பு 15. முதலில் வந்த 4-ஐச் சேர்க்கக் கூடாது. துளை போட்டதில் கலங்கிய மண் அது. ரிப்போர்ட்டில் 15 மட்டும் இருந்தால் போதாது, மூன்று எண்ணும் வேண்டும் என்று கேளுங்கள்.

4. மங்கி நின்றுவிட்டால்

கவனமாக இருக்க வேண்டிய கட்டம் இதுதான். 50 அடி அடித்தும் 15 செ.மீ. இறங்கவில்லை என்றால் ‘ரெஃப்யூசல்’ என்று எழுதி, பாறை வந்துவிட்டது என்று முக்காலியைக் கழற்றத் தொடங்குவார்கள். சமவெளியில் பல இடங்களில் அது சரியாக இருக்கலாம். நீலகிரியில் அடிப்பாறை சார்னோகைட் என்ற கடினமான கல். அது மேலிருந்து கீழாக ஒரே சீராக மட்குவதில்லை. விரிசல் வழியே நீர் இறங்கிச் சுற்றிலும் மண்ணாகிவிட, நடுவில் உருண்டைக் கற்கள் மட்காமல் தங்கிவிடும், பாயசத்தில் கிடக்கும் முந்திரி மாதிரி. மங்கி நின்றது அப்படி ஒரு கல்லின் தலையிலாக இருக்கலாம். கீழே மறுபடி மூன்று நான்கு மீட்டர் இளகின மண் இருக்கலாம்.

அதனால் ரெஃப்யூசல் வந்த இடத்திலிருந்து வைர பிட் போட்டு இன்னும் 3 முதல் 5 மீட்டர் வரை கோர், அதாவது உருளையாக அறுத்தெடுக்கும் மாதிரி, எடுக்கச் சொல்லுங்கள். தொடர்ந்து நீள நீளமாகக் கல் வந்தால் பாறை என்று நம்பலாம். கொஞ்சம் கல், பிறகு சிவப்பு மண் என்று வந்தால் அது உருண்டைக்கல். செலவு கூடும்தான், ஒரே துளையோடு நிறுத்திக்கொள்வதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். சரிவில் மேற்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்றாவது வேண்டும்.

5. மாதத்தையும் குறித்துவையுங்கள்

மார்ச்சில் காய்ந்து இறுகிய சிவப்பு மண் நல்ல எண்ணிக்கை காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறினால் அதே மண் தளர்ந்துவிடும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் கனமழையில் ஊறித்தான் சரிவுகள் இறங்கின. ஆகவே பரிசோதனைத் தேதி, துளையில் தண்ணீர் நின்ற ஆழம், அதற்கு முந்தைய வாரம் மழை பெய்ததா என்ற விவரம் மூன்றும் பதிவேட்டில் இருக்கட்டும். கோடையில் எடுத்த எண்ணை அப்படியே வைத்துத் தடுப்புச்சுவருக்குக் கணக்குப் போடும் பொறியாளரிடம், மண் நனைந்த நிலைக்கும் கணக்குப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வேறொருவரிடம் வரைபடத்தைக் காட்டிவிட்டு அஸ்திவாரம் தோண்டுங்கள்.