சென்சாரில் விளக்கு எரிகிறது, பிஎல்சியில் எரியவில்லை: எம்12 ப்ராக்ஸிமிட்டி சென்சார் பொருத்தும் முறை

கோவையில் நான் பராமரிப்புப் பணி பார்க்கும் பேக்கிங் இயந்திரம் ஒன்றில், கன்வேயர் தண்டின் சுற்றுகளை எண்ணும் எம்12 (12 மி.மீ. மரை கொண்ட) ப்ராக்ஸிமிட்டி சென்சார், அதாவது பொருள் அருகில் வருவதைத் தொடாமலே உணரும் கருவி, பழுதானது. அதன் சிக்னல் பிஎல்சிக்கு, அதாவது இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினிக்குப் போகிறது. பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய அந்த மாற்று வேலை எனக்கு ஒரு மதியம் முழுவதையும் தின்றது. பேனலில் 24 வோல்ட் டிசி இணைப்பு கொடுக்கத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: தேர்வு

உணர வேண்டிய பொருள் உலோகம் என்றால் இண்டக்டிவ் வகை (காந்தப்புலத்தால் உலோகத்தை உணர்வது) போதும். அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக், தானியம் போன்றவற்றுக்கு அது உதவாது. உறையில் அச்சிட்டிருக்கும் உணர்தொலைவு 1 மி.மீ. தடிமனுள்ள இரும்புத் தகட்டை வைத்து அளந்தது என்பதால், அலுமினியத்துக்கு அதில் ஏறக்குறைய 40 சதவீதமே கிடைக்கும். 4 மி.மீ. என்று போட்டிருக்கும் சென்சார் அலுமினியப் புல்லியை 1.6 மி.மீ. அருகில்தான் உணரும், வெப்பநிலை மாற்றங்களுக்கு இடம் விட்டு அதிலும் 81 சதவீதத்தையே நம்ப வேண்டும் என்பதால், கையில் மிஞ்சுவது சுமார் 1.3 மி.மீ. ஸ்பேனரை நீட்டிச் சோதித்துவிட்டு, சென்சார் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். ஸ்பேனர் இரும்பு.

கேபிள் நிரந்தரமாக ஒட்டிய மாடலை விட, கேபிளைக் கழற்றி மாட்டக்கூடிய எம்12 கனெக்டர் உள்ளதையே நான் வாங்குவேன். விலை சற்று கூடுதல்தான். ஆனால் அடுத்த முறை மாற்றும்போது கேபிளை உருவ வேண்டியதில்லை.

படி 2: பிஎன்பியா, என்பிஎன்னா?

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். கடையில் கையிருப்பில் இருந்த எம்12 சென்சாரைக் கொடுத்தார்கள். உருவம், நிறம், கேபிள் எல்லாம் பழையதைப் போலவே இருந்தன. பொருத்தியதும் அதன் பின்புறத்து மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது, பிஎல்சியின் இன்புட் விளக்கோ அசையவே இல்லை. சென்சாரே கோளாறு என்று நினைத்து இன்னொன்று வாங்கி மாட்டினேன், அதுவும் அப்படியே.

பழைய சென்சார் பிஎன்பி, புதியவை இரண்டும் என்பிஎன். பிஎன்பி சென்சார் உலோகத்தை உணரும்போது கறுப்பு வயரில் 24 வோல்ட்டைத் தரும்; என்பிஎன் அதே வயரை 0 வோல்ட்டோடு இணைக்கும். எங்கள் பிஎல்சியின் இன்புட் காமன் (இன்புட்களுக்கெல்லாம் பொதுவான முனை) ஏற்கெனவே 0 வோல்ட்டில் இருந்ததால், இரு முனைகளும் ஒரே மின்னழுத்தத்தில் நின்று, மின்னோட்டமே செல்லவில்லை. சென்சாரின் விளக்கு அது உலோகத்தை உணர்ந்ததைச் சொல்லுமே தவிர, சிக்னல் போய்ச் சேர்ந்ததைச் சொல்லாது.

வயரை மாட்டுமுன் மல்டிமீட்டரால் சோதித்துவிடுங்கள். பழுப்பு வயரை 24 வோல்ட்டிலும் நீல வயரை 0 வோல்ட்டிலும் கொடுத்து, முன்னால் உலோகத்தைக் காட்டுங்கள். கறுப்புக்கும் நீலத்துக்கும் இடையே 24 வோல்ட் அளவில் காட்டினால் அது பிஎன்பி. கறுப்புக்கும் பழுப்புக்கும் இடையே காட்டினால் என்பிஎன். எஸ்/எஸ் முனையம் (எதில் இணைப்பது என்று நாமே தேர்ந்துகொள்ளும் இன்புட் காமன்) உள்ள பிஎல்சியில் பிஎன்பிக்கு அதை 0 வோல்ட்டிலும், என்பிஎன்னுக்கு 24 வோல்ட்டிலும் இணைக்க வேண்டும். ஆனால் அதே காமனில் உள்ள மற்ற சென்சார்களும் ஒரே வகையாக இருந்தாக வேண்டும். இந்த இரு வகை இணைப்புகளுக்கும் வழங்கும் ‘சிங்க்’, ‘சோர்ஸ்’ என்ற பெயர்களை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பக்கத்திலிருந்து சொல்வதால், நான் கையேட்டின் வயரிங் படத்தை மட்டுமே நம்புகிறேன்.

படி 3: இடைவெளி

மின்சாரத்தைத் துண்டித்து, தண்டைக் கையால் சுழற்றி, உலோகத்தின் மேடான பகுதியைச் சென்சாருக்கு நேராகக் கொண்டுவாருங்கள். சென்சாரை மெல்லத் திருகி அதைத் தொடச் செய்து, பின்னோக்கி ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். எம்12 சென்சாரின் மரை 1 மி.மீ. புரி கொண்டது என்பதால், ஒரு சுற்று சரியாக 1 மி.மீ. இடைவெளி. பின் இரு நட்டுகளையும் இறுக்கி, தண்டை மீண்டும் ஒருமுறை கையால் முழுவதும் சுழற்றி, எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே மோட்டாரை ஓட்டுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், உலோகம் எதிரே இல்லாதபோதும் சென்சார் எப்போதும் ‘ஆன்’ நிலையிலேயே இருப்பதாக எழுதியிருந்தார். அவருடையது ‘நான்-ஃப்ளஷ்’ வகை, அதாவது முகத்தைச் சுற்றி உலோகம் இருக்கக் கூடாதது. அதன் முகத்தை இரும்புப் பிராக்கெட்டின் துளைக்குள் சமமாகப் பதித்திருந்ததால், பிராக்கெட்டையே உணர்ந்துகொண்டிருந்தது. முகம் பிராக்கெட்டுக்கு வெளியே நன்றாக நீட்டியிருக்கும்படி பொருத்தியதும் சரியாயிற்று.