44.8 வர வேண்டிய இடத்தில் 51 மில்லி

மெக்னீசியம் நாடாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, வரும் ஹைட்ரஜனை நீருக்கு மேல் அளவுக் குழாயில் பிடித்தேன். நாடா 0.0486 கிராம், அதாவது 0.002 மோல் (அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணும் அலகு). ஒரு மோல் மெக்னீசியத்துக்கு ஒரு மோல் ஹைட்ரஜன். ஒரு மோல் வாயுவின் கனஅளவு என்று சொல்லப்படும் 22.4 லிட்டரால் பெருக்கினால் 44.8 மில்லி வர வேண்டும். குழாயில் நின்றதோ 51.

முதலில் எடையைச் சந்தேகப்பட்டேன். இவ்வளவு சிறிய துண்டை நிறுப்பது தலைவலிதான். நீள நாடாவை நிறுத்து, சென்டிமீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தேன். எடை சரியாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் 22.4-ஐப் பிடித்தேன். அது 0 டிகிரி செல்சியஸுக்கும் 1 வளிமண்டல அழுத்தத்துக்கும் உரிய எண். என் அறையோ 27 டிகிரி. சூட்டில் வாயு விரியும்; 27 டிகிரி என்பது கெல்வினில் 300, 0 டிகிரி என்பது 273. 300/273-ஆல் பெருக்கியதும் 49.2 ஆனது. மிச்சம்? குழாய்க்குள் ஹைட்ரஜன் மட்டும் இல்லை, நீராவியும் இருக்கிறது. 27 டிகிரியில் அதன் அழுத்தம் சுமார் 26.7 மிமீ பாதரசம். அன்றைய காற்றழுத்தம் 760. கழித்தால் ஹைட்ரஜனின் பங்கு 733.3. 760/733.3-ஆல் பெருக்கினேன்: 51.0.

ஒரு விஷயம்: அளவைப் படிக்கும் முன் குழாயின் உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டத்தைச் சமமாக்குங்கள். இல்லாவிட்டால் 760 என்று எடுத்துக்கொள்வதே செல்லாது.